கடலூர், புதுச்சேரிக்கு பெரிய மால் குழுமம் வருமா? வந்தால் உள்ளே கடை எடுக்கலாமா?

கடலூர் லாரன்ஸ் ரோட்டில் ரெடிமேட் கடை நடத்தும் ஒரு குடும்பத்தின் கேள்வி இது: ஃபீனிக்ஸ், நெக்ஸஸ், லூலு என்று ஊர் ஊராக மால் திறந்துகொண்டே போகிறார்களே, அவ்வளவு பணம் எங்கிருந்து வருகிறது? நம் பக்கம் வருவார்களா? வந்தால் உள்ளே ஒரு கடை எடுப்பது கட்டுப்படியாகுமா?

மூன்று கேள்விக்கும் பதில் வாடகை ஒப்பந்தத்துக்குள் இருக்கிறது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

மால் முதலாளியின் சரக்கு துணியோ சினிமாவோ கிடையாது. ஒன்பது வருடம், பதினைந்து வருடம் என்று கையெழுத்தான வாடகைப் பத்திரங்கள்தான் அவருடைய சரக்கு. கட்டும்போது வங்கி கொடுக்கும் கடனுக்கு வட்டி அதிகம், ஏனென்றால் அப்போது வருமானம் இல்லை. மால் திறந்து, கடைகள் நிறைந்து, ஓரிரு வருடம் வாடகை ஒழுங்காக வந்துவிட்டால், அந்த வாடகையையே அடமானமாக வைத்து நீண்டகாலக் கடன் குறைந்த வட்டியில் கிடைக்கும். வங்கியில் இதை எல்.ஆர்.டி. கடன் என்பார்கள். பழைய கடனை அடைத்த பிறகு மீதம் நிற்கும் பணம் அடுத்த ஊரில் நிலம் வாங்கப் போகிறது. குழுமம் வளர்வது இந்தச் சுழற்சியில்தான். ஆகவே முதல் மால் நிறையாமல் இரண்டாவது மால் கிடையாது.

ஃபீனிக்ஸ் கதையில் இது தெளிவாகத் தெரியும். 1905-இல் மும்பை லோயர் பரேலில் துணி ஆலையாகத் தொடங்கிய நிறுவனம் அது. ஆலை நிலம் ஏற்கெனவே கையில் இருந்ததால் முதல் மாலுக்கு நிலச் செலவு என்ற பெரும் பாரம் இல்லை. பிறகு 2011-இல் புனே, பெங்களூரு, மும்பை குர்லா, 2013-இல் சென்னை வேளச்சேரி. 2017-இல் பெங்களூரு மாலை வைத்திருந்த துணை நிறுவனத்தில் 49 சதவீதப் பங்கை கனடாவின் ஓய்வூதிய நிதிக்கு 1,662 கோடி ரூபாய்க்குக் கொடுத்தார்கள். நிர்வாகம் கையைவிட்டுப் போகவில்லை, புதிய நிலங்களுக்குப் பணம் வந்தது. அதற்குப் பிறகு 2022 டிசம்பரில் இந்தூர், 2023-இல் அகமதாபாத், புனே வாகட், பெங்களூரு ஹெப்பால் என்று பதினொரு மாதத்துக்குள் நான்கு மால்கள். இந்தூரிலும் லக்னோவிலும் வேறொருவர் பாதியில் விட்ட கட்டடத்தை வாங்கி முடித்தார்கள் என்பதையும் கவனியுங்கள். அப்படி வாங்கினால் அனுமதிக்கு அலையும் வருடங்கள் மிச்சம்.

நெக்ஸஸ் வழி வேறு. பிளாக்ஸ்டோன் என்ற அமெரிக்க முதலீட்டு நிறுவனம், பிறர் கட்டி ஓடிக்கொண்டிருந்த மால்களை வாங்கிச் சேர்த்து உருவாக்கியது அது. சென்னை வடபழனி ஃபோரம் விஜயா மால் இன்று நெக்ஸஸ் விஜயா என்ற பெயரில் இருப்பது அப்படித்தான். வாங்கிய மாலில் முதலில் தொடுவது கடைகளின் கலவையை. விற்பனை மந்தமான கடையை ஒப்பந்தம் முடிந்ததும் வெளியேற்றி, சதுர அடிக்கு அதிகம் விற்கும் பிராண்டை உள்ளே கொண்டுவருவார்கள். பிறகு 2023 மே மாதம் 17 மால்களை ஒரே அறக்கட்டளையாகக் கட்டி, 3,200 கோடி ரூபாய்க்குப் பங்குச் சந்தையில் யூனிட் விற்றார்கள். இப்படி வாடகை வரும் கட்டடங்களைச் சேர்த்து யூனிட்டாக விற்கும் அறக்கட்டளையை ரீட் என்பார்கள். சில்லறை வணிகக் கட்டடங்களுக்கான இந்தியாவின் முதல் ரீட் அதுதான். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதிப்படி ரீட்டின் சொத்தில் 80 சதவீதமாவது கட்டி முடித்து வாடகை வருவதாக இருக்க வேண்டும். பிரித்துக் கொடுக்கக்கூடிய பணத்தில் 90 சதவீதத்தை யூனிட்தாரர்களுக்குக் கொடுத்துவிட வேண்டும். இந்த விதிக்குள் வந்த பிறகு, காலி மனையில் புதிதாகக் கட்டுவதைவிட நிறைந்த மாலை வாங்குவதே இவர்களுக்கு எளிது. கடலூர் மாதிரி ஊருக்கு இதன் பொருள்: உள்ளூர்க்காரர் ஒருவர் கட்டி, நிறைத்து, ஓட்டிக் காட்டினால்தான் அந்தக் குழுமம் திரும்பிப் பார்க்கும்.

லூலு மூன்றாவது வகை. சொந்த ஹைப்பர் மார்க்கெட்டே அதன் மாலுக்கு முதல் ஆங்கர் கடை. வெளியிலிருந்து ஒரு பெரிய கடை சம்மதிக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அதனால்தான் 2013-இல் கொச்சியிலும் 2021-இல் திருவனந்தபுரத்திலும் மிகப் பெரிய மால் கட்டியவர்கள், 2023 டிசம்பரில் பாலக்காட்டிலும் 2024-இல் கோழிக்கோட்டிலும் சிறிய அளவில் திறக்க முடிந்தது. கோயம்புத்தூரில் மால் கட்டாமல் லட்சுமி மில்ஸ் வளாகத்தில் ஹைப்பர் மார்க்கெட் மட்டும் போட்டார்கள். நம் ஊர் அளவுக்குப் பொருந்துவது இந்த மூன்றாவது வகைதான் என்பது என் கணிப்பு.

ஆங்கர் கடை என்ற சொல்லை விளக்கிவிடுகிறேன், எல்லாம் அதில்தான் தொங்குகிறது. ஹைப்பர் மார்க்கெட், பல திரை சினிமா, 20,000 சதுர அடிக்கு மேல் எடுக்கும் துணிக்கடை ஆகியவை ஆங்கர். கூட்டத்தை இழுத்து வருவது இவர்கள் வேலை. அதனால் சின்னக் கடை சதுர அடிக்குக் கொடுப்பதில் பாதியோ அதற்கும் குறைவோதான் கொடுப்பார்கள். அந்தக் குறையை உங்களைப் போன்ற 500, 1,000 சதுர அடிக் கடைக்காரர்களின் வாடகைதான் ஈடுகட்டுகிறது. ஆங்கர் விலகினால் நீங்கள் கொடுக்கும் கூடுதல் வாடகைக்கு அர்த்தமே இல்லாமல் போகும்.

இப்போது நம் ஊர்க் கணக்கு. எண்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை, ஆனால் விகிதம் இப்படித்தான் வரும். வாடகைக்கு விடக்கூடிய 4 லட்சம் சதுர அடியில் புதுச்சேரியில் ஒரு மால். பாதி இடம் ஆங்கருக்கு 35 ரூபாய், மறு பாதி சின்னக் கடைகளுக்கு 90 ரூபாய் என்றால் மாதம் 2.5 கோடி, வருடம் 30 கோடி. பத்து சதவீதம் காலி என்று கழித்தால் 27 கோடி. சொத்து வரி, காப்பீடு, நிர்வாகம் போக 24 கோடி நிற்கும். முதலீட்டாளர் 8 சதவீத வருமானம் எதிர்பார்த்தால் அந்த மாலின் மதிப்பு 300 கோடி. கட்டுவதற்கு என்ன ஆகும்? 4 லட்சம் சதுர அடி வாடகை இடத்துக்கு நடைபாதை, எஸ்கலேட்டர், கழிப்பறை, பார்க்கிங் எல்லாம் சேர்த்து 8 லட்சம் சதுர அடி கட்ட வேண்டும். சதுர அடிக்கு 3,000 ரூபாய் போட்டாலும் 240 கோடி. நிலத்துக்கும் கட்டும் கால வட்டிக்கும் மிச்சம் 60 கோடி. ஐந்து ஏக்கர் என்பது 2,17,800 சதுர அடி. சதுர அடி 5,000 ரூபாய் என்றால் நிலம் மட்டும் 109 கோடி. கணக்கு அங்கேயே நின்றுவிடுகிறது. நிலத்தைச் சொந்தக்காரரே பங்காகப் போட்டால்தான் இது நகரும். தமிழ்நாட்டில் சென்னைக்கு வெளியே உள்ள மால்களில் பல, உள்ளூர் நிலத்துக்காரர்கள் கட்டியவையாக இருப்பதற்கு இதுவே காரணம். புதுச்சேரி கடலூர் சாலையிலுள்ள ப்ராவிடன்ஸ் மாலும் இன்றுவரை தனி மால்தான், தேசியக் குழுமத்தின் கிளை கிடையாது.

இன்னொரு பக்கம் வாங்குபவர் கணக்கு. மாத வாடகை 2.5 கோடி, கடைகளின் விற்பனையில் 12 சதவீதமாக இருக்க வேண்டுமென்றால் மாலுக்குள் மாதம் ஏறக்குறைய 21 கோடிக்கு விற்பனை நடக்க வேண்டும். 2011 கணக்கெடுப்பில் புதுச்சேரி மாவட்டத்தின் மக்கள்தொகை 9,50,289. குடும்பத்துக்கு நான்கு பேர் என்று வைத்தால் சுமார் 2.4 லட்சம் குடும்பம். ஒவ்வொரு குடும்பமும் மாதம் 870 ரூபாய் அந்த ஒரே கட்டடத்தில் செலவழிக்க வேண்டும். மூன்றில் ஒரு குடும்பம்தான் மாலுக்கு வரும் என்றால் அது 2,600 ரூபாய். சனி ஞாயிறு சுற்றுலாக் கூட்டத்தைக் காட்டி இந்தக் கணக்கை நிரப்பிவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருகிறவருக்கு இதைவிடப் பெரிய மால் வீட்டருகிலேயே உண்டு. அவர் இங்கே தங்குவதற்கும் சாப்பிடுவதற்கும் செலவழிப்பார், சட்டை வாங்க மாட்டார். 26 லட்சம் பேர் உள்ள கடலூர் மாவட்டத்தைச் சேர்த்துக்கொள்ளலாமே என்றால், சிதம்பரத்தில் இருப்பவர் துணிக்காக ஐந்தாறு கடைகளைத் தாண்டித்தான் புதுச்சேரிக்கு வர வேண்டும்.

வரிச் சலுகையும் இப்போது இல்லை. ஒரு காலத்தில் டிவி, ஃபிரிட்ஜ் வாங்க கடலூர், விழுப்புரம் மக்கள் புதுச்சேரிக்கு பஸ் ஏறியது அங்கே வரி குறைவு என்பதால். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததும் இரண்டு பக்கமும் ஒரே வரி. எல்லை தாண்டி வரும் அந்த வாடிக்கையாளரை நம்பி மின்சாதனக் கடையை ஆங்கராக வைத்த திட்டம் எதுவும் இன்று தேறாது.

இதோடு, தமிழ்நாட்டுக்கே உரிய ஒரு தடை: கல்யாண ஜவுளி. ஒரு குடும்பம் ஒரே நாளில் அதிகம் செலவழிப்பது பட்டுக்கும் நகைக்கும்தான். அது மாலுக்குள் வருவதில்லை. ஐந்து மாடி ஜவுளிக்கடை சொந்தக் கட்டடத்தில் பட்டு, ரெடிமேட், பாத்திரம் என்று எல்லாவற்றையும் ஒரே கூரைக்குள் விற்கும்போது, அதுவே அந்த ஊரின் மால். ஆடித் தள்ளுபடியும் தீபாவளியும் அங்கேதான் நடக்கின்றன.

கடற்கரை ஊர் என்பதால் கட்டடச் செலவும் கூடும். கெடிலமும் தென்பெண்ணையும் கடலில் சேரும் இடம் கடலூர். நிலத்தடி நீர் மேலாகவே நிற்கும். அங்கே இரண்டடுக்கு பேஸ்மென்ட் தோண்டினால் கட்டடத்தையே மேலே தள்ளும் நீரழுத்தத்துக்கு எதிராகத் தடித்த ராஃப்ட் (கட்டடத்தின் அடி முழுக்கப் பரவும் கான்கிரீட் அடித்தளம்) போட வேண்டும், சுவர் முழுக்க நீர்க்காப்பு செய்ய வேண்டும், பம்பு நிற்கவே கூடாது. 2015 வெள்ளத்தையும், 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் ஒரே நாளில் புதுச்சேரியில் 48 சென்டிமீட்டர் கொட்டியதையும் பார்த்தவர்கள், பார்க்கிங்கைத் தரைக்கு மேல் அடுக்குவதுதான் புத்தி என்று ஒப்புக்கொள்வார்கள். கடை எடுக்கப் போகிறவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி: மின் பேனலும் ஜெனரேட்டரும் எந்தத் தளத்தில் இருக்கின்றன? பேஸ்மென்டில் என்றால் ஒரு மழைக்குப் பிறகு பத்து நாள் மால் மூடியிருக்கும். உப்புக்காற்றில் ஏசி கண்டென்சரின் அலுமினியத் தகடுகள் பொடிந்துபோகும். பாதுகாப்புப் பூச்சு கொடுத்த கண்டென்சர் காயில் (குழாய்ச் சுருள்) போடாவிட்டால் மாற்றுச் செலவு பராமரிப்புக் கட்டணமாக உங்கள் தலையில் விழும்.

உண்மையாகவே ஒரு மால் வருகிறதா என்று தெரிந்துகொள்ள பேனரையும் வாட்ஸ்அப் படத்தையும் நம்ப வேண்டாம். 20,000 சதுர மீட்டருக்கு மேல், அதாவது சுமார் 2.15 லட்சம் சதுர அடிக்கு மேல் கட்டும் எந்தக் கட்டடத்துக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும். அந்த விண்ணப்பம் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் யாரும் பார்க்கும்படி இருக்கும்: சர்வே எண், பார்க்கிங் எண்ணிக்கை, தண்ணீர்த் தேவை எல்லாம் அதில் உண்டு. அலை ஏறும் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் என்றால் கடற்கரை ஒழுங்குமுறை அனுமதியும் தேவை. புதுச்சேரியின் பழைய நகரைச் சுற்றியுள்ள புல்வார் சாலைகளின் எல்லைக்குள் உயரக் கட்டுப்பாடு இருப்பதால் அங்கே பெரிய மாலுக்கு இடமே இல்லை. வந்தால் கடலூர் சாலை, விழுப்புரம் சாலை, கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம்தான். அனுமதி விண்ணப்பமே இல்லாமல் கடை புக்கிங் நடக்கிறது என்றால் விலகி நில்லுங்கள்.

இதோடு சேர்த்து ஒரு எச்சரிக்கை. கடையை விலைக்கே வாங்குங்கள், மாதம் இவ்வளவு வாடகை உறுதி என்று சொல்லும் மால் திட்டம் வந்தால், குறிப்பாக வளைகுடா சம்பாத்தியத்தை வைத்திருக்கும் குடும்பங்கள், அதைத் தொட வேண்டாம். பெரிய குழுமங்கள் கடைகளைத் தனித்தனியாக விற்பதே இல்லை. முந்நூறு கடைக்கு இருநூறு உரிமையாளர் என்றாகிவிட்டால் எந்தக் கடைக்குப் பக்கத்தில் எது இருக்க வேண்டும் என்று யாரும் முடிவெடுக்க முடியாது. லிஃப்ட் பழுதுக்குப் பணம் தராத பாதிப் பேரால் மொத்த இடமும் இருண்டுபோகும். சென்னை ஸ்பென்சர் பிளாசா அவ்வளவு நல்ல இடத்தில் இருந்தும் சோர்ந்துபோனதற்கு, பிரிந்து கிடந்த உரிமை ஒரு முக்கியக் காரணம்.

சரி, மால் வந்துவிட்டது, உங்களுக்குக் கடை தருகிறார்கள் என்று வைப்போம். பத்திரத்தில் 1,000 சதுர அடி என்று இருக்கும். டேப் வைத்து அளந்தால் உள்ளே 600 இருக்கும். மீதி நடைபாதையிலும் கழிப்பறையிலும் உங்கள் பங்கு. வாடகை 1,000 சதுர அடிக்கும் கட்ட வேண்டும். சதுர அடி 90 ரூபாய் வாடகையும் 20 ரூபாய் பராமரிப்பும் என்றால் மாதம் 1,10,000. அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 19,800; வழக்கமான பதிவில் இருந்தால் உள்ளீட்டு வரியாகத் திரும்பும், காம்போசிஷனில் (சிறு வணிகர்களுக்கான எளிய வரித் திட்டம்) இருந்தால் அது முழுச் செலவு. கடை அலங்காரம் 600 சதுர அடிக்கு 2,500 வீதம் 15 லட்சம். ஆறு மாத வாடகை அட்வான்ஸ் 5.4 லட்சம்.

வாடகையும் பராமரிப்பும் விற்பனையில் 15 சதவீதத்தைத் தாண்டினால் துணிக்கடை தாங்காது. அப்படியென்றால் மாதம் 7.33 லட்சம் விற்க வேண்டும், நாளுக்கு 24,400. சராசரி பில் 900 ரூபாய் என்றால் தினமும் 27 பில். 40 சதவீத மார்ஜினில் 2.93 லட்சம் கிடைக்கும். அதில் வாடகை, பராமரிப்பு 1.10 லட்சம் போக 1.83. காலை பத்திலிருந்து இரவு பத்துவரை, ஏழு நாளும் திறக்க வேண்டும் என்பதால் ஐந்து ஆள், தலைக்கு 14,000 என்று 70,000. கடை மின்சாரம் 15,000. கார்டு கட்டணம், பை, தையல் மாற்றம் 10,000. அலங்காரச் செலவை ஐந்து வருடத்துக்குப் பிரித்தால் மாதம் 25,000. ஜனவரியிலும் ஜூலையிலும் மால் முழுக்க நடக்கும் தள்ளுபடியில் நீங்களும் சேர்ந்தாக வேண்டும். பழைய சரக்கை இறக்கி விற்பதில் 5 சதவீதம் என்றால் 36,700. கடைசியில் கையில் நிற்பது சுமார் 27,000 ரூபாய். விற்பனை பத்து சதவீதம் குறைந்தால் அதுவும் போய்விடும். லாரன்ஸ் ரோட்டில் இதே சரக்கை வீட்டு ஆட்களோடு விற்கும்போது வாடகை விகிதம் என்ன என்று உங்கள் நோட்டில் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

ஒப்பந்தத்தில் 'மினிமம் கேரண்டி அல்லது ரெவென்யூ ஷேர், எது அதிகமோ அது' என்று இருக்கும். நல்ல மாதத்தில் விற்பனையில் பங்கு, கெட்ட மாதத்தில் முழு வாடகை என்பதே அதன் பொருள். உங்கள் பில்லிங் மென்பொருளை மாலின் கணினியோடு இணைக்கச் சொல்வார்கள். தினசரி விற்பனை அவர்களுக்குத் தெரியும். மூன்று வருடத்துக்கு ஒருமுறை 15 சதவீத உயர்வு பொதுவான வழக்கம். லாக்-இன் உங்களைத்தான் கட்டும்: மூன்று வருடத்துக்குள் மூடினால் மீதி மாத வாடகை முழுவதும் கேட்பார்கள்.

பேரம் பேச வேண்டிய இடம் வாடகைத் தொகையைவிட வாடகை தொடங்கும் தேதி. 'மால் திறந்த நாள்' என்று எழுதினால் பாதிக் கடை மூடியிருக்கும்போதே உங்கள் மீட்டர் ஓடத் தொடங்கிவிடும். 'ஹைப்பர் மார்க்கெட்டும் சினிமாவும் இயங்கத் தொடங்கி, மொத்தக் கடைகளில் 70 சதவீதம் திறந்த நாளிலிருந்து' என்று எழுதச் சொல்லுங்கள். அதுவரை ரெவென்யூ ஷேர் மட்டும் தருகிறேன் என்றால் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள், ஏனென்றால் திறப்பு நாளில் காலிக் கடைகள் தெரிவது அவர்களுக்கும் நஷ்டம். ஆங்கர் வெளியேறி ஆறு மாதத்துக்குள் மாற்று வராவிட்டால் லாக்-இன் செல்லாது என்று இன்னொரு வரி சேருங்கள். அலங்கார வேலைக்கு வாடகையில்லாத 60 முதல் 90 நாள் கிடைக்கும்; அந்த நாட்கள் கடைக்குள் மின் இணைப்பும் ஏசி குழாயும் வந்த பிறகே எண்ணப்பட வேண்டும்.

மால் குழுமம் வரும்வரை உங்கள் போட்டி ஜூடியோ, டிரெண்ட்ஸ், மேக்ஸ் போன்ற கடைகளோடுதான். மால் இல்லாத ஊரில் அவை சாலையோரத் தனிக் கட்டடத்தில் கடை போடுகின்றன. ஒரு ஊரில் அவை மூன்று நான்கு வருடம் நன்றாக விற்ற பிறகுதான் மால்காரர் அந்த விற்பனை எண்ணைக் கேட்டு வருவார். ஆகவே முன்னறிவிப்பு அங்கேதான் கிடைக்கும்: இம்பீரியல் ரோட்டிலோ நெல்லிக்குப்பம் சாலையிலோ அப்படி ஒரு பிராண்ட் இரண்டாவது கிளை திறக்கிறதா என்று பாருங்கள்.

கடைசியாக ஒரு நிபந்தனை, பலர் படிக்காமல் கையெழுத்திடுவது: மாலிலிருந்து இத்தனை கிலோமீட்டருக்குள் அதே பெயரில் வேறு கடை நடத்தக்கூடாது என்ற வரி. சென்னையில் ஐந்து கிலோமீட்டர் என்று எழுதுவதில் அர்த்தம் இருக்கலாம். புதுச்சேரி மாலில் 25 கிலோமீட்டர் என்று எழுதியிருந்தால், 22 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் உங்கள் லாரன்ஸ் ரோட்டுக் கடையும் அதற்குள் அடங்கிவிடும். ஏற்கெனவே நடக்கும் கடைக்கு இந்த நிபந்தனை பொருந்தாது என்று கதவெண்ணோடு எழுதி வாங்கிய பிறகே அட்வான்ஸ் கொடுங்கள்.